காமலாபுரத்தில் விமானம் ஏற: சேலம், ஏற்காடு பயணிகளுக்கு ஒரு வழிகாட்டி

முதலில் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். சேலம் விமான நிலையம் சேலத்துக்குள் இல்லை. தருமபுரி போகும் நெடுஞ்சாலையில், கருப்பூர், ஓமலூர் எல்லாம் தாண்டி, காமலாபுரத்தில் இருக்கிறது. ஊரிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர். "ஏர்போர்ட்" என்றால் முழிக்கிற கண்டக்டர்கூட "காமலாபுரம்" என்றால் தலையாட்டுவார்.

1993-இல் திறந்த நிலையம் இது. ஆனால் பல ஆண்டுகள் விமானமே இல்லாமல் வெறிச்சோடிக் கிடந்தது. 2009-இல் கிங்ஃபிஷர் சென்னைக்கு ஓட்டியது, 2011-இல் நின்றது. 2018 மார்ச்சில், சிற்றூர்களுக்கு விமானம் விடும் மத்திய அரசின் உடான் திட்டத்தின் கீழ் ட்ரூஜெட் வந்தது. 2021-இல் அதுவும் நின்றது. 2023 அக்டோபரில் அலையன்ஸ் ஏர், இண்டிகோ இரண்டும் பெங்களூர், கொச்சி, ஹைதராபாத், சென்னை என்று மறுபடி தொடங்கின. இந்தப் பழங்கதையைச் சொல்லக் காரணம், இங்கே கால அட்டவணை நிலையானதல்ல என்பதுதான். சீசனுக்குச் சீசன் நேரம் மாறும், வாரத்தில் பறக்கும் நாள் மாறும், சில ஊர்கள் பட்டியலில் வரும் போகும். போன வருடம் பக்கத்து வீட்டுக்காரர் போன விமானம் இந்த வருடமும் அதே நேரத்தில் போகும் என்று நம்பி மண்டபம் பேசாதீர்கள். விமான நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் தேதி போட்டுப் பார்த்துவிட்டு மற்றதை முடிவு செய்யுங்கள். டிக்கெட் தளங்களில் ஊர்ப் பெயர் வராவிட்டால் எஸ்எக்ஸ்வி என்ற குறியீட்டை அடியுங்கள். அமெரிக்காவிலும் ஒரு சேலம் இருக்கிறது. மாநிலப் பெயரை ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

ஓடுபாதையின் நீளம் 1,806 மீட்டர். அதனால் இங்கே வருவது ஏடிஆர் 72 வகை விமானம்: இறக்கை மேலே, அதன் கீழ் இரண்டு புரொப்பல்லர், வரிசைக்கு இரண்டு இரண்டாக எழுபது சொச்சம் இருக்கை. இந்த ஒரு விஷயத்திலிருந்துதான் கீழே சொல்லப்போகும் பாதிச் சங்கதிகள் கிளைக்கின்றன.

பெயர், இனிஷியல், டிக்கெட்

டிக்கெட் எடுக்கும்போது நம்மூர்க்காரர்கள் அதிகம் தடுமாறுவது பெயர்க் கட்டத்தில். தளத்தில் முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டம் இருக்கும். ஆதாரில் "மு. கவிதா" என்று இருப்பவர் கடைசிப் பெயரில் ஒற்றை எழுத்தைப் போட்டால் பல தளங்கள் ஏற்காது. அங்கே இனிஷியலை விரித்து "முருகேசன்" என்று அப்பா பெயரை முழுதாக எழுதுங்கள். முதல் பெயரில் "கவிதா". உள்நாட்டுப் பயணத்துக்கு இது போதும். வாசலில் நிற்கும் பாதுகாப்புப் படையினர் பார்ப்பது அடையாள அட்டையில் இருப்பவரும் டிக்கெட்டில் இருப்பவரும் ஒரே ஆளா என்பதைத்தான். வீட்டில் கூப்பிடும் பெயரில் டிக்கெட் எடுத்தால் மட்டும் கண்டிப்பாகத் தகராறு வரும்.

பெங்களூரிலோ சென்னையிலோ மாறி வெளிநாடு போகிறவர் பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறதோ அப்படியே, எழுத்துக்கு எழுத்து, இரண்டு டிக்கெட்டிலும் போட வேண்டும். எழுத்துப் பிழை கண்ணில் பட்டால் அன்றே விமான நிறுவனத்தைக் கூப்பிடுங்கள். ஓரிரு எழுத்தைத் திருத்துவார்கள். அண்ணன் பெயரில் எடுத்த டிக்கெட்டைத் தம்பிக்கு மாற்ற மாட்டார்கள்.

இணைய வழி செக்-இன்னை முந்தின நாளே முடித்துவிடுங்கள். உடன் வருவது சக்கர நாற்காலி தேவைப்படும் பெரியவர் என்றால் டிக்கெட் எடுக்கும்போதே பதிவு செய்யுங்கள். குறைந்தது 48 மணி நேரம் முன்பாவது நிறுவனத்துக்குத் தெரிந்திருக்க வேண்டும். காமலாபுரத்தில் ஏரோபிரிட்ஜ் கிடையாது. தரையில் நடந்துபோய், விமானத்தின் வால்பக்கக் கதவில் உள்ள சின்னப் படிகளில் ஏற வேண்டும். முழங்கால் வலிக்காரருக்கு இதை முன்னதாகவே சொல்லிவைப்பது நல்லது. மழைக்காலத்தில் கையில் ஒரு மடக்குக் குடை இருக்கட்டும்.

என்னென்ன மூட்டை கட்டலாம்

இண்டிகோவின் உள்நாட்டுப் பயணத்துக்குச் சாதாரணமாக 15 கிலோ பெட்டியில், 7 கிலோ கைப்பையில். வேறு நிறுவனமென்றால் டிக்கெட்டிலேயே எழுதியிருக்கும். கூடுதல் கிலோவுக்குக் கவுண்ட்டரில் வாங்கும் கட்டணம் வலிக்கும். கூடும் என்று தெரிந்தால் வீட்டிலிருந்தே இணையத்தில் வாங்கிவிடுங்கள், அது குறைவு.

ஏடிஆரில் தலைக்கு மேலுள்ள பெட்டித் தட்டு சின்னது. பெரிய விமானத்தில் தாராளமாக நுழையும் சக்கரப் பெட்டி இதில் நுழையாது. படிக்கட்டுக்குப் பக்கத்திலேயே ஊழியர் அதை வாங்கி, சீட்டுக் கட்டி, சரக்கு அறையில் போட்டுவிடுவார். இதில் தப்பு எங்கே நடக்கிறதென்றால், பவர் பேங்க் அந்தப் பெட்டிக்குள் இருக்கும். பவர் பேங்க்கும் தனி பேட்டரிகளும் சரக்கு அறைக்குப் போகவே கூடாது. அந்த இடத்தில், பின்னால் வரிசை நிற்க, வெயிலில் பெட்டியைப் பிரித்துத் துணிகளுக்கு நடுவே துழாவ வேண்டியிருக்கும். மாத்திரை, நகை, பாஸ்போர்ட், சார்ஜர், பவர் பேங்க் எல்லாம் தோளில் மாட்டும் ஒரு சின்னப் பையில் போட்டு, அந்தப் பையைச் சக்கரப் பெட்டிக்குள் வைத்துக்கொள்ளுங்கள். பெட்டியைக் கேட்டால் பையை மட்டும் உருவிக்கொண்டு பெட்டியைக் கொடுத்துவிடலாம்.

நம்மூர் சாமான்களில் எது போகும், எது போகாது:

மாம்பழம் தாராளமாகப் போகும். அட்டைப் பெட்டியில் வைக்கோலோ செய்தித்தாளோ திணித்து, நான்கு பக்கமும் டேப் ஒட்டிப் பெட்டிச் சாமானில் போடுங்கள். பழுத்ததை வேண்டாம், செங்காயாகப் பார்த்து எடுங்கள். ஜவ்வரிசி, ஏற்காட்டு மிளகு, காப்பிக்கொட்டை எதற்கும் தடையில்லை. மிளகாய்த்தூளும் ஊறுகாயும் கைப்பையில் கூடாது, பெட்டிக்குள் போகும். ஊறுகாயை இரண்டு பிளாஸ்டிக் பையில் கட்டாவிட்டால் போய்ச் சேரும்போது சட்டையெல்லாம் மணக்கும். அரிவாள்மனை, கத்தி, கத்திரிக்கோல் பெட்டியில்தான். முழுக் கொப்பரையைப் பெட்டிச் சாமானில் ஏற்ற மாட்டார்கள். எண்ணெய் கசிந்து சூடேறித் தீப்பிடிக்கும் வகை என்பதால் 2022-இல் தடைப்பட்டியலில் சேர்ந்தது. கோயிலுக்கு நேர்ந்த கொப்பரையோடு வந்து நிற்காதீர்கள். தீப்பெட்டி, லைட்டர் எதிலும் வேண்டாம். ஏற்காட்டில் ஆசையாக வாங்கிய யூகலிப்டஸ் தைலமும் தீப்பற்றும் எண்ணெய்தான். அதைச் சாலை வழியாக ஊர் திரும்புகிறவரிடம் கொடுத்தனுப்புங்கள்.

செவ்வாய்ப்பேட்டையில் வாங்கிய வெள்ளிக் கொலுசை பில்லோடு கைப்பையில் வையுங்கள். காலில் போட்டிருந்தால் சோதனை வாசலில் கத்தும், அவ்வளவுதான். கழற்றிக் காட்டச் சொல்வார்கள்.

தட்டுவடை செட்? அதை ஏறுவதற்கு முன்பே சாப்பிட்டுவிடுவதுதான் நியாயம்.

காமலாபுரம் போய்ச் சேர்வது

கணக்கைப் பின்னாலிருந்து போடுங்கள். விமானம் பகல் 12 மணிக்கு என்று வைத்துக்கொள்வோம். பெட்டி போடும் கவுண்ட்டர் 60 நிமிடம் முன்பு, அதாவது 11 மணிக்கு மூடும். ஏறும் வாசல் 25 நிமிடம் முன்பு, 11.35-க்கு மூடும். நீங்கள் 10.15-க்கு நிலையத்தில் இருந்தால் நிம்மதி. ஐந்து ரோட்டிலிருந்து காரில் 9.15-க்குக் கிளம்பினால் போதும். கருப்பூர் சுங்கச்சாவடியில் வரிசை நின்றாலும் சமாளிக்கலாம். பேருந்தில் என்றால் 8.30-க்குப் புதிய பேருந்து நிலையத்தில் ஏறியிருக்க வேண்டும்.

பேருந்துக்காரர்கள் கவனிக்க வேண்டியது இது. ஓமலூருக்கு நிமிடத்துக்கு ஒரு பேருந்து கிடைக்கும் என்பது உண்மைதான். ஆனால் மேட்டூர் பேருந்தும் ஓமலூர் வழியாகத்தான் போகிறது. அது ஓமலூரில் மேச்சேரிப் பக்கம் திரும்பிவிடும், காமலாபுரம் போகாது. தருமபுரி, பெங்களூர் பேருந்துகள் காமலாபுரத்தைக் கடந்து போகும். ஆனால் எல்லாமும் நிற்காது. பாயிண்ட் டு பாயிண்ட் வண்டி நிற்கவே நிற்காது. ஏறுவதற்கு முன், காலைப் படியில் வைத்தபடியே கேளுங்கள்: "அண்ணே, காமலாபுரத்துல நிக்குமா?" நிற்காது என்றால் ஓமலூர் பேருந்தில் ஏறி, ஓமலூர் பேருந்து நிலையத்தில் இறங்கி, ஆட்டோ பேசிக்கொள்ளுங்கள். பெட்டியும் குழந்தையுமாக வருகிறவர்களுக்கு இந்த இரண்டாவது வழியே மேல். காமலாபுரத்தில் நெடுஞ்சாலையோரம் இறங்கினால், அங்கிருந்து உள்ளே போகும் சாலையில் பெட்டியை இழுத்துக்கொண்டு வெயிலில் நடக்க வேண்டும். அந்த இடத்தில் ஆட்டோ காத்திருக்கும் என்று எண்ண வேண்டாம்.

சேலம் ஜங்ஷனில் ரயிலிலிருந்து இறங்கி வருகிறவர்கள் வாடகைக் கார் பிடிப்பதே நல்லது. ஜங்ஷன் சூரமங்கலத்தில் இருக்கிறது. அங்கிருந்து ஊருக்குள் நுழையாமலே ஓமலூர் சாலையைப் பிடித்துவிடலாம்.

வந்து இறங்குகிறவர்களுக்குக் கார் விஷயம் இன்னும் முக்கியம். பெருநகர விமான நிலையத்தில் வெளியே வந்ததும் டாக்ஸி வரிசை கட்டி நிற்கும். இங்கே நாளுக்குச் சில விமானங்கள்தான், செயலியில் தேடினால் பக்கத்தில் வண்டி காட்டாமல் போகலாம். முந்தின நாளே ஒரு கால் டாக்ஸி சொல்லிவையுங்கள். விமான எண்ணையும் டிரைவரிடம் கொடுங்கள், தாமதமானால் அவரே பார்த்துக்கொள்வார்.

நிலையத்துக்குள்

சின்னக் கட்டிடம், தொலைந்துபோக வழியில்லை. வாசலில் டிக்கெட்டும் அசல் அடையாள அட்டையும் காட்டி நுழைவது, பெட்டியைக் கவுண்ட்டரில் கொடுத்துச் சீட்டு வாங்குவது, பாதுகாப்புச் சோதனை, காத்திருப்பு அறை என்று வரிசையாக முடிந்துவிடும். பெட்டிக்கான ஒட்டுச் சீட்டை பயணம் முடியும்வரை எறியாதீர்கள். பெட்டி காணாமல் போனால் அதுதான் சாட்சி. சோதனையில் போன், மடிக்கணினி, பெல்ட், சில்லறை எல்லாம் தட்டில் வைத்துவிட்டுப் போங்கள்.

சாப்பாட்டை நம்பிப் போகாதீர்கள். லவுஞ்ச், பெரிய உணவகம் இதெல்லாம் பெங்களூர் போனால்தான். காலை டிபனை ஓமலூரிலேயே முடித்துக்கொள்ளுங்கள், கையில் கொஞ்சம் ரொக்கமும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஏறியபின் சத்தம் கொஞ்சம் இருக்கும். புரொப்பல்லருக்குப் பக்கத்து வரிசைகளில் அதிகம். தூங்க நினைப்பவர்கள் பின் வரிசையைக் கேட்டு வாங்கலாம், இறங்கும்போதும் கதவு பக்கத்தில் இருக்கும். இறக்கை மேலே இருப்பதால் கீழே மறைப்பில்லை, ஜன்னலோரம் கிடைத்தால் விடாதீர்கள். வெயிலேறிய பிற்பகலில் ஜெட் விமானத்தைவிடக் கொஞ்சம் அதிகமாகக் குலுங்கும். பயப்பட ஒன்றுமில்லை, பெல்ட்டைக் கழற்றாமல் இருந்தால் போதும். பெங்களூரோ சென்னையோ ஏறக்குறைய ஒரு மணி நேரம்.

பெங்களூரில் மாறுகிறவர்களுக்கு

சேலத்திலிருந்து ஏறுகிறவர்களில் பலருக்குப் பெங்களூர் நடுவழிதான். அங்கிருந்து டெல்லி, துபாய், சிங்கப்பூர் என்று போவார்கள். இங்கேதான் பணமும் நேரமும் அதிகம் பறிபோகிறது.

இரண்டு விமானத்தையும் ஒரே பிஎன்ஆரில், அதாவது ஒரே முன்பதிவு எண்ணில் எடுத்தால், பெட்டியைப் பெரும்பாலும் காமலாபுரத்திலேயே கடைசி ஊர்வரை போட்டுவிடுவார்கள். ஒட்டுச் சீட்டில் கடைசி ஊரின் குறியீடு இருக்கிறதா என்று கவுண்ட்டரிலேயே பாருங்கள். முதல் விமானம் தாமதமாகி இரண்டாவது தவறினால், மாற்று ஏற்பாடும் அவர்கள் பொறுப்பு. தனித்தனி டிக்கெட் என்றால் ஐநூறு ஆயிரம் மிச்சமாகலாம். ஆனால் பெங்களூரில் பெட்டியை எடுத்து, வெளியே வந்து, புறப்பாட்டுப் பக்கம் போய், முதலிலிருந்து எல்லாம் செய்ய வேண்டும். முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது நிறுவனத்துக்கு அது சம்பந்தமில்லாத சங்கதி. டிக்கெட் பணம் போனது போனதுதான்.

பெங்களூர் விமான நிலையம் இருக்கும் தேவனஹள்ளியில் இரண்டு முனையங்கள். இண்டிகோவின் உள்நாட்டு விமானங்கள் முதல் முனையத்தில். வெளிநாட்டு விமானங்கள் எல்லாமே 2023 செப்டம்பரிலிருந்து இரண்டாம் முனையத்தில். நடுவே இலவசப் பேருந்து ஓடுகிறது, ஆனால் அது வரும்வரை காத்திருப்பதையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். தனி டிக்கெட்டில் வெளிநாடு போகிறவர் சேலம் விமானம் இறங்கும் நேரத்துக்கும் அடுத்தது கிளம்பும் நேரத்துக்கும் இடையே 5 மணி நேரமாவது விடுங்கள். நவம்பர் முதல் ஜனவரி வரை அதிகாலைப் பனிமூட்டத்தால் பெங்களூரில் விமானங்கள் வரிசையாகத் தாமதமாகும். அந்த மாதங்களில் காலை இணைப்பை நம்பாதீர்கள், இரவு விமானம் பாருங்கள்.

ஏற்காடு போவதும், ஏற்காட்டிலிருந்து வருவதும்

காமலாபுரத்திலிருந்து கருப்பூர் வழியாகச் சேலம் வந்து, அஸ்தம்பட்டி, கோரிமேடு, அடிவாரம் என்று ஏறுவதுதான் வழக்கமான வழி. அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள். காரில் மொத்தம் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம். வாடகைக் கார் பேசும்போது "மலைக்கு எக்ஸ்ட்ரா உண்டா, டிரைவர் பேட்டா சேர்த்தா, டோல் யார் கட்டுவது" என்று மூன்றையும் முதலிலேயே கேளுங்கள். பேசும்போது ஒரு தொகை, இறங்கும்போது ஒரு தொகை என்ற சண்டை எல்லாம் இந்த மூன்றில்தான் வருகிறது. பேருந்தில் போகிறவர் சேலம் புதிய பேருந்து நிலையம் வந்து ஏற்காடு வண்டி பிடிக்கலாம். விமானத்தில் வந்த களைப்போடு வளைவுகளில் நின்றுகொண்டு போவது சிரமம், உட்கார இடம் இல்லாவிட்டால் அடுத்த வண்டிக்குக் காத்திருங்கள்.

திரும்பி வரும்போதுதான் கவனம் வேண்டும். மே மாதக் கோடை விழா நாட்களிலும் தொடர் விடுமுறைகளிலும் மலைச்சாலை ஊர்ந்துதான் நகரும். போக்குவரத்தை மாற்றி, இறங்குகிற வண்டிகளைக் குப்பனூர் வழியாக விடுவதும் உண்டு. குப்பனூர் வழி அயோத்தியாப்பட்டணம் பக்கம் கொண்டுபோய் விடும். அது விமான நிலையத்துக்கு நேர் எதிர்த்திசை, ஊரை முழுதாகக் கடந்து வர வேண்டும். வடகிழக்குப் பருவமழையில் பாறையோ மண்ணோ சரிந்து சாலை மூடுவதும் நடக்கிறது. சாதாரண நாளில் விமானத்துக்கு 4 மணி நேரம் முன்பு ஏற்காட்டிலிருந்து கிளம்புங்கள். விழா நாளிலும் மழை நாளிலும் முந்தின இரவே சேலத்துக்கு இறங்கிவிடுங்கள்.

விமானம் ரத்தானால்

நிறுவனம் ரத்து செய்தால் முழுப் பணமோ மாற்று விமானமோ, எது வேண்டும் என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. வானிலையால் ரத்தானாலும் டிக்கெட் பணம் திரும்ப வரும். நஷ்டஈடு மட்டும் வராது. இதுபோன்ற குறுந்தொலைவுப் பயணத்தில் 2 மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் சிற்றுண்டி தர வேண்டும், வாய்விட்டுக் கேளுங்கள். அடுத்த விமானம் நாளையோ நாளன்றைக்கோ என்றால் பணத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு தரைவழி கிளம்புவதே புத்திசாலித்தனம்.

பெங்களூர் விமான நிலையத்துக்குச் சாலையில் 230 கிலோமீட்டர் அளவு. டிராப் டாக்ஸி எடுத்தால் கர்நாடகப் பர்மிட் கட்டணம் சேர்த்தா என்று கேளுங்கள். தொப்பூர் கணவாயில் லாரி கவிழ்ந்தால் மணிக்கணக்கில் நிற்க வேண்டிவரும். அதைத் தாண்டினால் அடுத்த கண்டம் பெங்களூரின் சில்க் போர்டு சந்திப்பு நெரிசல். மாலை நேரமென்றால் நகருக்குள் நுழையாமல் அத்திப்பள்ளியில் திரும்பி, சர்ஜாபுரம், ஹொசகோட்டை வழியாகத் தேவனஹள்ளி போகச் சொல்லுங்கள். எந்த வழியானாலும் 6 மணி நேரம் ஒதுக்குங்கள். பேருந்தில் போகிறவர் எலெக்ட்ரானிக் சிட்டியில் இறங்கினால் அங்கிருந்து விமான நிலையத்துக்கு கே.ஐ.ஏ.எஸ்-8 என்ற மாநகரப் பேருந்து உண்டு; மெஜஸ்டிக் வரை போய்விட்டால் கே.ஐ.ஏ.எஸ்-9.

கோவைக்கு விமான நிலையம் நம் பக்கமே இருப்பது வசதி. காந்திபுரம்வரை போக வேண்டாம். அவினாசி சாலை வழியாகப் போகும் பேருந்தில் "சித்ரா" என்று சொல்லி இறங்கி, ஆட்டோவில் உள்ளே போகலாம். சிங்கப்பூர், மலேசியா போகிறவர்கள் நாமக்கல் வழியாகத் திருச்சியையும் பாருங்கள். 140 கிலோமீட்டர்தான், நேரடி விமானமும் கிடைக்கும்.

சென்னைக்கு ரயிலே உத்தமம். கோவையிலிருந்து வரும் வந்தே பாரத் போன்ற ரயிலில் சென்ட்ரலில் இறங்கினால், அங்கிருந்தே நீல வழித்தட மெட்ரோ விமான நிலையம் போகிறது, மாற வேண்டியதில்லை. சேலம்–எழும்பூர் இரவு ரயிலில் போகிறவர் எழும்பூர்வரை போய்த் திரும்பி வராதீர்கள். தாம்பரத்தில் இறங்கி, கடற்கரை பக்கம் போகும் மின்சார ரயிலுக்கு டிக்கெட் எடுங்கள். சானடோரியம், குரோம்பேட்டை, பல்லாவரம், அடுத்தது திரிசூலம். அங்கே இறங்கினால் ஜிஎஸ்டி சாலைக்கு எதிர்ப்புறம் விமான நிலையம். சாலையைக் குறுக்கே ஓடிக் கடக்காமல் சுரங்கப்பாதையில் இறங்கிப் போங்கள். பேருந்தில் சென்னை போகிறவரும் கிளாம்பாக்கத்தில் இறங்கி அதே ஜிஎஸ்டி சாலையில் மாநகரப் பேருந்து பிடித்தால் போதும். டிக்கெட்டில் முனைய எண் 1 அல்லது 4 என்றால் உள்நாடு, 2 என்றால் வெளிநாடு. சுரங்கப்பாதையில் இறங்கும் முன்பே அதைப் பார்த்துவைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் பெட்டியோடு இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடக்க வேண்டிவரும்.